'புட் ஆஃப்' என்றால் ரத்து இல்லை

ஆசிரியருக்கு வணக்கம். போன வாரம் எங்கள் குடியிருப்புக் கூட்டம் 'புட் ஆஃப்' (put off) என்று ஆங்கிலத்தில் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வந்ததும், ரத்தாகிவிட்டது என்று நினைத்துப் பாதிப் பேர் புதிய தேதியைக் கேட்கவே இல்லை. ரத்து என்றால் 'கால் ஆஃப்' (call off). 'புட் ஆஃப்' நம்முடைய 'தள்ளிப்போடு' மாதிரிதான், 'புட்' என்றாலும் போடுவதுதானே! ஆனால் ரப்பர் மரத்துக் கட்டிப்பால் நாற்றத்தில் சாப்பாடே வெறுத்துப்போனால் அதற்கும் 'புட் ஆஃப்' என்பார்கள், விளக்கை அணைப்பதற்கும் அதே சொல். பிள்ளைகளுக்கு இதைத் தனிச்சொல்லாக மனப்பாடம் செய்ய வைக்காமல் முழு வாக்கியமாகவே சொல்லிக்கொடுங்கள். அப்புறம், அறிவிப்பு எழுதுகிறவர்கள் தயவுசெய்து தமிழிலும் ஒரு வரி போடுங்கள், கூட்டத்துக்கு எங்கள் பாட்டிமாரும்தான் வருகிறார்கள்.

வாசகர், சுங்கை சிப்புட்