தேக்கடி போய் வந்தபின் தோழிக்கு எழுதியது

அன்புள்ள தோழிக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் வீட்டில் எல்லோருடைய நலமும் அறிய ஆவல். உன் கடிதம் வந்து சேர்ந்தபோது நான் ஊரில் இல்லை. தங்கை மகளுடன் குமுளிக்குப் போயிருந்தேன். பெரியாறு கால்வாயில் தண்ணீர் வந்து, எங்கள் ஒருபோக நிலத்தில் நடவும் முடிந்து, களையெடுப்புக்கு இன்னும் நாள் இருந்தது. இப்போது போகாவிட்டால் இனி எப்போது போவது என்று கிளம்பிவிட்டோம். கல்லூரி விடுதியின் மொட்டை மாடியில் உட்கார்ந்து நாம் பலமுறை திட்டமிட்டுக் கைவிட்ட பயணம் என்பதால், உனக்கு விரிவாக எழுதாமல் இருக்க முடியவில்லை.

மேலூரில் பிறந்தவளுக்குப் பெரியாறு என்பது மடையைத் திறந்தால் வயலில் வந்து விழும் தண்ணீர். எந்த ஆண்டு எப்போது திறப்பார்கள், கடைமடை வரை வருமா என்பதுதான் எங்கள் வீட்டில் அதைப் பற்றி நான் கேட்டு வளர்ந்த பேச்சு. அந்தத் தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தில் யார் வாழ்கிறார்கள், அது தேங்குவதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று நான் யோசித்ததே இல்லை. இந்தப் பயணம் முழுவதும் அந்தக் கேள்வியோடுதான் நடந்தேன்.

தேனி, கம்பம், கூடலூர் கடந்து லோயர் கேம்ப்பில் மலைச்சாலை தொடங்குகிறது. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக்குக்காக அங்கே 2013இல் திறக்கப்பட்ட மணிமண்டபத்தில் சற்று நேரம் நின்றோம். மலைச்சரிவில் இறங்கிவரும் பெருங்குழாய்கள் வளைவுகளில் தெரிகின்றன; அவற்றின் வழியாக இறங்கும் நீர் மின்நிலையத்தில் விசையாழிகளைச் சுழற்றிவிட்டுத்தான் வைகையை நோக்கிப் போகிறது. மேலே ஏறியதும் குமுளி. ஒரே கடைத்தெருவின் இந்தப் பக்கம் தமிழ்நாடு, சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளம். ஏலக்காய், மிளகு, கிராம்புக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றைப் பற்றி எழுத அதிகமில்லை.

மறுநாள் காலை முதல் படகில், அந்த அணையால் உருவான தேக்கடி ஏரிக்குள் போனோம். பனி விலகியபோது முதலில் கண்ணில் பட்டவை தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்ற கரிய மரக்கட்டைகள். ஒன்றிரண்டு அல்ல, கரையோரம் நெடுகிலும் நிற்கின்றன. ஒன்றின் உச்சியில் நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது. இன்னொன்றில் பாம்புத்தாரா கழுத்தை வளைத்து மீனைத் தேடிக்கொண்டிருந்தது. அவை 1895இல் அணையில் நீர் தேங்கியபோது மூழ்கிய காட்டின் மரங்கள். நூறாண்டுக்கு மேல் நீரில் நின்றும் முற்றிலும் மட்கிவிடவில்லை. நீர்மட்டம் இறங்கும் கோடையில் இன்னும் பல வெளியே தெரியும் என்றார் படகோட்டி. இந்த ஏரியை இயற்கையின் கொடை என்று எழுதுகிறவர்கள் அந்த மரக்கட்டைகளை ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். சுமார் 26 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த நீர்ப்பரப்புக்குக் கீழே ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கும் அதன் காடும் கிடக்கின்றன.

படகில் எல்லோரும் உயிர்காப்பு அங்கி அணிய வேண்டும். 2009 செப்டம்பர் 30ஆம் தேதி இதே ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள் என்பது உனக்கு நினைவிருக்கும். விலங்கு தென்பட்டாலும் யாரும் எழுந்து ஒரு பக்கமாகச் சாயக்கூடாது என்று படகோட்டி திரும்பத் திரும்பச் சொன்னது எனக்கு நிம்மதியாக இருந்தது.

அணையைக் கட்டிய கதை நமக்குத் தெரிந்ததுதான் என்றாலும், இடத்தைப் பார்த்தபின் அதன் அளவு வேறாகத் தெரிகிறது. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கும் ஆற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் ஆங்கிலேயருக்கு முதலில் வந்ததல்ல. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதைப் பற்றி ஆராய ஆள் அனுப்பியிருக்கிறார். 1808இல் இடத்தைப் பார்த்த கேப்டன் கால்டுவெல் இது நடக்காத காரியம் என்று எழுதிவிட்டார். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சம் வந்து மதுரைச் சீமையை வாட்டிய பிறகே திட்டம் மீண்டும் உயிர்பெற்றது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் மன்னருக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 1887இல் வேலை தொடங்கி, வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை மறுபடி கட்டி, 1895 அக்டோபரில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். மலையைக் குடைந்து, ஒரு மைலுக்குச் சற்று அதிகமான நீளத்தில் சுரங்கம் வெட்டித்தான் தண்ணீரைத் தேக்கடியிலிருந்து இந்தப் பக்கம் கொண்டுவந்திருக்கிறார்கள். காலராவிலும் மலேரியாவிலும் செத்த கூலித்தொழிலாளிகள் ஏராளம். பென்னிகுயிக்கின் பெயரைத் தேனி மாவட்டத்தில் பிள்ளைகளுக்குச் சூட்டுகிறார்கள், அவர் பிறந்த ஜனவரி 15ஆம் நாளில் பொங்கல் வைக்கிறார்கள், அது முறைதான். ஆனால் அந்தக் கூலிகளில் ஒருவருடைய பெயரையாவது நம்மில் யாரும் சொல்லக் கேட்டதில்லையே என்று அன்றிரவு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். அணை ஏரியின் மறுகோடியில் இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்களை அங்கே விடுவதில்லை.

இனி நடைபாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வனத்துறை அழைத்துப்போகும் மூன்று மணி நேரக் காட்டு நடைக்குப் பதிவு செய்திருந்தோம். முழங்கால் வரை ஏறும் துணி உறை ஒன்றைக் கொடுத்து, அதன்மேல் மூக்குப்பொடியைத் தூவிவிட்டார்கள். அட்டை ஏறாமல் இருப்பதற்கு. மூங்கில் தெப்பத்தில் ஓர் ஓடையைக் கடந்து காட்டுக்குள் நுழைந்தோம். எங்களை அழைத்துப்போனவர் ஐம்பது வயதைக் கடந்தவர், குமுளிப் பக்கத்துக்காரர். அதிகம் பேசவில்லை. ஒரு மரத்தடியில் நின்று, தலைக்கு மேலே பட்டையில் ஆழமாக விழுந்திருந்த கீறல்களைக் காட்டினார். தேனுக்காகக் கரடி ஏறிய தடம். யானைச் சாணத்தைக் குச்சியால் கிளறி, வெப்பத்தைப் பார்த்து, கூட்டம் விடியற்காலையில்தான் கடந்திருக்கிறது என்றார். கருமந்திகளின் குரல் கேட்டதும் எங்களை நிறுத்திவிட்டு வெகுநேரம் செவிகொடுத்தார். மலையணில் ஒன்று செம்பழுப்பு வாலைத் தொங்கவிட்டு எங்கள் தலைக்கு மேலேயே உட்கார்ந்திருந்தது.

பிறகு கீழே கிடந்த ஓர் இலையை எடுத்துக் கசக்கி என் கையில் வைத்தார். இலவங்கப்பட்டை வாசம். வயணா மரம் என்றார். அந்த மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுத்தான் தானும் தன் கூட்டாளிகளும் இளமையில் பிழைத்ததாக, எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னார். இரவில் நடந்து காட்டின் உள்ளே போவார்கள், நாட்கணக்கில் தங்குவார்கள், சுமையோடு திரும்புவார்கள். பிடிபட்டால் வழக்கு, சிறை, வக்கீல் செலவு; அந்தச் செலவுக்காக மறுபடியும் காடு. 1990களில் இங்கே சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது வனத்துறை அவர்களோடு பேசியது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அதே காட்டுக்குக் காவலும் வழிகாட்டலும் செய்ய ஒப்புக்கொண்டவர்களின் குழுதான் இன்று புலித்தடம் என்ற பெயரில் காட்டுக்குள் தங்கி நடக்கும் பயணங்களை நடத்துகிறது. திருட்டுப் பாதைகள் அத்தனையும் தெரிந்தவர்கள் என்பதால் பிறர் திருடுவதைத் தடுப்பதும் அவர்களுக்கு எளிதாயிற்று. காட்டைக் காப்பது என்றால் மனிதரை வெளியே தள்ளி வேலி போடுவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதற்கு இதைவிடத் தெளிவான மறுப்பை நான் பார்த்ததில்லை. 2002 முதல் இங்கே வசந்தசேனை என்ற பெயரில் பெண்களும் கூலி எதிர்பாராமல் காட்டில் ரோந்து போகிறார்கள். சந்தன மரங்கள் நிற்பதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

நீ விலங்கியல் படித்தவள், அதனால் மீன்களைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். சுற்றுலாப் பயணிகள் இந்த ஏரியில் தூண்டில் போட முடியாது. மன்னான், பளியர் என்ற இரு பழங்குடியினருக்குப் பிழைப்புக்காக மீன் பிடிக்கும் உரிமை இருக்கிறது. விடிகாலையில் மன்னான் ஒருவரும் அவர் மகனும் தெப்பத்தில் நின்றபடி, முந்தின நாள் மாலையில் விரித்த வலையை எடுப்பதைக் கரையிலிருந்து பார்த்தோம். மகன் கழியை ஊன்றித் தெப்பத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள, தகப்பனார் வலையைக் கைக்கு மேல் கை மாற்றி இழுத்து, செவுளில் சிக்கிய மீனை ஒரே திருப்பில் விடுவித்துக் கூடையில் போட்டார். ஒரு கண்ணி கூட அறுபடவில்லை. கூடையில் பெரும்பாலும் ஜிலேபியும் கெண்டையும்தான் இருந்தன, நம் கண்மாய்களில் நிறைந்திருக்கும் அதே மீன்கள்.

இவை வெளியிலிருந்து வந்தவை. பெரியாற்றுக்கே உரிய மீன்கள் வேறு. 1941இல் மீனியல் அறிஞர் சுந்தரராஜ் முதன்முதலாக விவரித்த ஒரு சிறு மீன், லெபிடோபைகாப்சிஸ் டைபஸ், உலகில் இந்த ஆற்றுப்படுகையைத் தவிர வேறெங்கும் கிடையாது. அந்தப் பேரினத்தில் அது ஒன்று மட்டுமே. ஓடும் நீரில் வாழப் பழகியது, இன்று ஏரிக்கு மேலே உள்ள மலையோடைகளில் ஒதுங்கி வாழ்கிறது. அணை நீரைத் தேக்கியது, பிறகு மனிதர் கொண்டுவந்துவிட்ட மீன்கள் அந்தத் தேங்கிய நீரைப் பிடித்துக்கொண்டன. எங்கள் வயலில் நெல் விளைந்ததற்கு இந்த மீன் தன் ஆற்றைக் கொடுத்திருக்கிறது என்று நான் சொன்னால் நீ மிகை என்று சொல்லமாட்டாய் என்று நம்புகிறேன்.

மன்னான்கள் தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்று சொல்கிறார்கள். அவர்களுடைய பேச்சு நமக்குப் புரிகிறது. சில சொற்களை அந்தப் பெரியவர் உச்சரித்தபோது என் அப்பத்தா பேசுவதைக் கேட்பதுபோல் இருந்தது. அவர்களுக்குக் கோழிமலையில் இன்றும் ஓர் அரசர் இருக்கிறார். அவர்களுடைய கூத்தில் கண்ணகி கதை உண்டு. காட்டின் உள்ளே இருந்த அவர்களுடைய குடிகளைப் பின்னாளில் குமுளியை ஒட்டிக் காட்டின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். திருவிதாங்கூர் மன்னர் 1934இல் நெல்லிக்காம்பட்டி வேட்டை விலங்குச் சரணாலயத்தை அறிவித்தார், 1950இல் அது விரிவடைந்தது, 1978இல் புலிகள் காப்பகமானது. ஏட்டில் இருக்கும் வரலாறு இது. ஏரிக்கரையில் மன்னர் தங்கிய இடப்பாளையம் மாளிகை இன்று விடுதியாகிவிட்டது. வழிகாட்டிப் பலகைகள் எல்லாம் அந்த மாளிகையைக் காட்டுகின்றன. மன்னான் குடிக்குப் போகும் வழியை நாங்கள் கேட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடித்தோம்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. வண்டிப்பெரியாற்றில் பிறந்து குமுளியில் தேநீர்க் கடை நடத்தும் ஒரு பெண்மணி, நாங்கள் மேலூர் என்று அறிந்ததும், அடைமழை இரவுகளில் தன் தாய்வீட்டில் யாரும் கண்ணை மூடுவதில்லை என்று சொன்னார். அவருடைய தாய்வீடு அணைக்குக் கீழே, ஆற்றங்கரையில் இருக்கிறது. 2014 மே மாதத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என்றபோது நாங்கள் இனிப்பு வழங்கினோம். அது நியாயமான தீர்ப்பு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் ஐந்து மாவட்டங்களின் நிலை என்ன என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவருடைய பயத்தை அரசியல் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. அவரிடம் கோபம் எதுவும் இல்லை. எங்கள் ஊரில் இந்த ஆண்டு விளைச்சல் எப்படி என்று அக்கறையோடு கேட்டார்.

நீ வரும்போது மறுபடியும் போகலாம். மார்ச், ஏப்ரலில் நீர் இறங்கி, யானையும் மிளாவும் காட்டெருதும் கரைக்கு வரும் என்கிறார்கள். உன் முழங்காலுக்கு மூன்று மணி நேர நடை ஒத்துவராது என்று மருத்துவர் சொன்னால், ஏரிக்கரை வரை மட்டும் நடந்து தெப்பத்தில் போகலாம். சித்திரா பௌர்ணமியை ஒட்டி வந்தால், ஆண்டுக்கு அந்த ஒருநாள் மட்டும் திறக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கும் ஏறலாம். அன்று மலைப்பாதையில் ஜீப் ஓடும், ஆனால் கூட்டம் மிகுதி. எந்த மாதம் உனக்குத் தோதுப்படும் என்று மகனிடம் கலந்துபேசி எழுது. காட்டு நடைக்கும் தங்குமிடத்துக்கும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

என்றும் அன்புடன்,
மேலூரிலிருந்து உன் தோழி