எடுப்பதற்கும் ஒரு கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓய்வுக்காலச் சேமிப்பு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முப்பது வயதில் தொடங்கினால் எவ்வளவு சேரும், நாற்பதில் தொடங்கினால் எவ்வளவு குறையும் என்றெல்லாம் தெளிவாக எழுதியிருந்தார்கள். ஆனால் வேலையை விடும் நாளோடு கட்டுரையும் முடிந்துவிட்டது. சேர்த்த பணத்தை அதற்குப் பின் வரும் இருபத்தைந்து, முப்பது வருடங்களில் எப்படி எடுத்துச் செலவு செய்வது? அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பணத்தைப் பற்றி எழுதும் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் நிறுத்திக்கொள்கிறார்கள். கணக்கு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், என் வயதுக்காரர்கள் பலர் தங்கள் காகிதங்களை என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். சேர்ப்பதில் அவர்கள் யாரும் சோடை போனவர்கள் இல்லை. குழப்பமெல்லாம் எடுப்பதில்தான்.

"வட்டியில் காலத்தை ஓட்டிவிடுவேன், அசலில் கை வைக்கமாட்டேன்" என்பதுதான் நான் அதிகம் கேட்கும் பேச்சு. கட்டுப்பாடான பேச்சுதான். ஆனால் விலைவாசியை அதில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். விலை வருடத்துக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை வருடத்தில் இரட்டிப்பாகும் என்று தெரிய 72-ஐ அந்தச் சதவீதத்தால் வகுப்பது ஒரு குறுக்கு வழி: 72-ஐ 6-ஆல் வகுத்தால் 12. அதாவது ஏறக்குறைய 12 வருடத்தில் செலவு இரட்டிப்பாகும். 60 வயதில் மாதம் 50,000 போதும் என்றவருக்கு 72 வயதில் ஒரு லட்சம் வேண்டும், 84-ல் இரண்டு லட்சம். டெபாசிட் வட்டியோ அதே 50,000-த்தில் நிற்கும்.

வரியையும் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். 7 சதவீத வட்டியில் ஐந்தில் ஒரு பங்கு வரிக்குப் போனால் கையில் நிற்பது 5.6. விலைவாசி 6. வட்டியில் ஒரு காசுகூடச் செலவு செய்யாமல் அப்படியே திரும்பப் போட்டாலும் பணத்தின் மதிப்பு குறைந்துகொண்டுதான் வரும். இதில் மாதாமாதம் வட்டியை எடுத்துச் சாப்பிடுகிறவர் அசலைத் தொடவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

சரி, அதனால் ஒரு பகுதியைப் பங்குகளிலோ மியூச்சுவல் ஃபண்டிலோ வைக்கச் சொல்வார்கள். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் அங்கே வேறொரு ஆபத்து இருக்கிறது, அதைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. ஒருவரிடம் ஒரு கோடி இருக்கிறது. முதல் வருடம் சந்தை 25 சதவீதம் ஏறுகிறது, அடுத்த வருடம் 10 ஏறுகிறது, மூன்றாம் வருடம் 20 இறங்குகிறது. இன்னொருவருக்கும் அதே ஒரு கோடி, அதே மூன்று வருடங்கள், ஆனால் வரிசை தலைகீழ்: முதலில் 20 இறக்கம், பிறகு 10, பிறகு 25 ஏற்றம். பணத்தைத் தொடாமல் இருந்தால் இருவரிடமும் கடைசியில் ஒரு கோடியே பத்து லட்சம் இருக்கும். வித்தியாசமே இல்லை. இப்போது இருவரும் ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் செலவுக்கு ஆறு லட்சம் எடுக்கிறார்கள் என்று போட்டுப் பாருங்கள். முதலாமவரிடம் 93 லட்சத்துக்குச் சற்று மேல் மிஞ்சும். இரண்டாமவரிடம் 88 லட்சம்கூட இருக்காது. மூன்றே வருடத்தில் கிட்டத்தட்ட ஒரு வருடச் செலவுப் பணம் காணாமல் போய்விட்டது. இறங்கிய சந்தையில் விற்று எடுத்த பணம், சந்தை திரும்ப ஏறும்போது கூட ஏறுவதற்கு இல்லை. சம்பாதிக்கும் வயதில் சந்தை விழுந்தால் மலிவாக வாங்கலாம். ஓய்வு பெற்ற முதல் சில வருடங்களில் விழுந்தால் அதுவே பெரிய அடி.

அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-ல் இதைத்தான் ஆராய்ந்தார். 1926 முதலான அந்நாட்டுப் பங்கு, கடன்பத்திர விவரங்களை வைத்து, ஒவ்வொரு வருடமும் ஒருவர் ஓய்வு பெற்றிருந்தால் பணம் எத்தனை காலம் தாங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டார். முதல் வருடம் மொத்தத்தில் சுமார் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போனால் 30 வருடம் தாங்கும் என்று கண்டார். மிகவும் சோதனைக்கு உள்ளானவர்கள் 1960களின் பிற்பகுதியில் ஓய்வு பெற்றவர்கள். 1973-74-ல் பங்குச் சந்தை சரிந்தது, கூடவே எழுபதுகள் முழுக்க விலைவாசி ஏறியது. அந்த 4 ஒரு நாட்டின் கடந்த காலத்திலிருந்து வந்த எண், அவரே பின்னாளில் அதைச் சற்று உயர்த்தியும் விட்டார். மற்ற நாட்டுக்காரர்கள் அதை அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அவர் கேட்ட கேள்வியை எல்லோரும் கேட்டாக வேண்டும்.

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது, இரண்டு மூன்று வருடச் செலவுக்கான பணத்தைச் சந்தைக்கு வெளியே வையுங்கள் என்பதுதான். சந்தை படுத்திருக்கும்போது அதிலிருந்து எடுக்கலாம், நஷ்டத்தில் விற்க வேண்டிய கட்டாயம் வராது. அந்தப் பணத்தையும் ஒரே டெபாசிட்டில் பூட்டக் கூடாது. ஒரு பெரியவர் வைத்திருந்த ரசீதுகள் எல்லாவற்றிலும் முதிர்வுத் தேதி ஒரே வாரத்தில் இருந்தது. அந்த வாரம் வட்டி விகிதம் இறங்கியிருந்தால் மொத்தப் பணமும் குறைந்த வட்டிக்கே போகும். வருடத்துக்கு ஒன்றாக முதிரும்படி பிரித்துப் போட்டிருந்தால் அடி ஒரு பங்குக்கு மட்டும்தான்.

வரியிலும் காலம்தான் முக்கியம். வருமானம் கூடக்கூட வரி விகிதமும் கூடும் நாடுகளில், பெரிய லாபத்தை ஒரே வருடத்தில் எடுத்தால் மேல் அடுக்குக்குப் போய்விடுவோம். கணக்காண்டு முடியும் முன் பாதியும், புது ஆண்டு பிறந்ததும் மீதியும் விற்றால் அதே பணத்துக்கு வரி குறையலாம். வேலை நின்று, ஓய்வூதியமோ மற்ற வருமானமோ முழுதாகத் தொடங்காத இடைப்பட்ட வருடங்கள் இதற்கு நல்ல சமயம். பலர் அந்த வருடங்களில் வரியே கட்டவில்லை என்று சந்தோஷப்பட்டு, எடுத்தால் வரி கட்ட வேண்டிய பணத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் அந்த வரி மொத்தமாக வந்து நிற்கும். அமெரிக்காவில் வரியைத் தள்ளிவைத்துச் சேர்த்த ஓய்வுக்காலக் கணக்கிலிருந்து இப்போதைய சட்டப்படி 73 வயது முதல் வருடாவருடம் குறைந்தபட்சத் தொகையை எடுத்தே ஆக வேண்டும். விருப்பமில்லாத வருடத்தில் எடுத்தாலும் அதற்கு வரி உண்டு.

இன்னொன்று. கணக்கு வழக்கெல்லாம் கணவனோ மனைவியோ ஒருவர் தலையில் மட்டும் இருப்பது எனக்குப் பெரிய கவலை. கணவரை இழந்த ஒரு அம்மா, எந்தக் கணக்கிலிருந்து வீட்டுச் செலவுக்குப் பணம் வந்தது என்றே தெரியாமல் ஒரு பை நிறையக் காகிதத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார். பணம் இருந்தது. எடுக்கத்தான் வழி தெரியவில்லை. எதை முதலில் எடுப்பது, எதை எப்போது விற்பது, நாமினி யார் என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் படித்திருந்தால் அவருக்கு அந்த அலைச்சல் வந்திருக்காது.

எனவே, பணத்தை எடுக்கும் முறைக்கென்று ஒரு தொடரைத் தங்கள் இதழ் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்தத் திட்டத்தையும் விற்காத ஒருவர் எழுதட்டும். சந்தை முதல் வருடமே விழுந்தால் என்ன, துணை முன்னே போய்விட்டால் என்ன, தொண்ணூறு தாண்டி வாழ்ந்தால் என்ன என்று வருடவாரியாக அட்டவணை போட்டுக் காட்டட்டும். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தால் எங்களுக்கு வசதி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்