கலியனைக் கூப்பிடு

ஆடுதுறை
18-1-2026

அன்புள்ள சேது,

பொங்கல் வாழ்த்து, தாமதமாக. இங்கே எல்லாரும் சௌக்கியம். அறுவடை மிஷின் கிடைக்காமல் தம்பி அலைகிறான். உன் பேத்தி படம் பார்த்தேன். நல்லவேளை, மூக்கு உன் சாயலில் இல்லை.

போனில் நீ சொன்ன சேதிக்கு வருகிறேன். திருப்பணிக் கமிட்டிக்கு உன்னைப் போட்டியில்லாமல் தலைவராக்கிவிட்டார்கள், கலியன் கோபித்துக்கொண்டு விலகிவிட்டான், "தொல்லை விட்டுதுடா, இனிமே வேலை ஓடும்" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் வந்துவிட்டதென்று வைத்துவிட்டாய். அப்போது சொல்ல வந்ததைத்தான் எழுதுகிறேன்.

இந்த மாதம் ராத்திரியில் வானத்தைப் பார்த்தாயோ? திருவாதிரைக் களி தின்ற அன்று பௌர்ணமிக்குப் பக்கத்திலேயே பளிச்சென்று நின்றதே, அது குரு. ஜனவரி 10-ம் தேதி சூரியனுக்கு நேர் எதிரே வந்தது. நடுவில் பூமி. சூரியன் மறையும்போது கிழக்கே எழும், நடுநிசியில் உச்சந்தலைக்கு மேல் நிற்கும், விடியும்போது மேற்கே இறங்கும். நமக்கு மிகக் கிட்டத்தில் வருவதும் ஏறக்குறைய அப்போதுதான்: 63 கோடி கிலோமீட்டர். சூரியனுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் அதுவே 90 கோடியைத் தாண்டும். மாப்பிள்ளையின் பைனாகுலரை மொட்டைமாடி கைப்பிடிச்சுவரில் ஊன்றிப் பார்த்தேன். பக்கத்தில் வரிசையாக நிலாக்கள்! கீழேயிருந்து உன் தங்கச்சி, "பனியில நின்னு சளி பிடிச்சா கஷாயம் நான் போட மாட்டேன்" என்று கத்தினாள்.

இன்னொரு கூத்தும் உண்டு. பஞ்சாங்கத்தை எடுத்து அதே 10-ம் தேதியைப் பார். சூரியன், செவ்வாய், சுக்கிரன், புதன் நாலு பேரும் தனுசில் கூட்டணி. மிதுனத்தில் குரு ஒற்றை ஆள். அந்த நாலில் சூரியனைத் தவிர ஒன்றாவது கண்ணில் பட்டதா? படாது. சுக்கிரன் 6-ம் தேதியும் செவ்வாய் 9-ம் தேதியும் சூரியனுக்குப் பின்னால் போய்விட்டன. சூரியனை ஒட்டி நின்று கண்ணுக்கு மறைந்தால் மூடம், இதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, முகூர்த்தம் பார்க்கிற வம்சம் உங்களுடையது. புதனும் சுக்கிரனும் என்றைக்குமே எதிரே வர முடியாது. சுக்கிரன் 47 பாகை, புதன் 28 பாகை, அதற்கு மேல் சூரியனைவிட்டு விலகுவதில்லை. உன் கமிட்டியில் மீதி இருப்பவர்களை நினைத்துக்கொள். பொருளாளர் புதனேதான்.

வானியல் மேதை கெப்ளர் விஷயம்தான் என்னை இரண்டு நாளாகப் போட்டு ஆட்டுகிறது. செவ்வாயின் பாதையைக் கண்டுபிடிக்க அவர் முதலில் எடுத்துக்கொண்டது, அது சூரியனுக்கு எதிரே நின்ற சமயங்களில் டைகோ பிராஹி என்ற வானியலாளர் குறித்துவைத்த இடங்களை. ஏன் தெரியுமா? மற்ற நாளில் பூமியின் ஓட்டமும் சேர்ந்து கணக்கைக் குழப்பும். எதிரே நிற்கும்போது மட்டும், பூமியிலிருந்து பார்த்தாலும் சூரியனிலிருந்து பார்த்தாலும் கிரகம் ஒரே திசையில். அங்கே ஆரம்பித்த கணக்குதான் பல வருஷம் இழுத்து, 1609-இல் நீள்வட்டமென்று முடிந்தது.

கலியன் எப்போதும் பின்னாலேயே இழுக்கிறான் என்கிறாய். குரு இப்போது வக்கிரத்தில்தான் இருக்கிறார், வானத்தில் பின்னால் போவதுபோல் தெரிகிறார். அவர் பின்னால் நகர்கிறாரா என்ன? உள்வட்டத்தில் வேகமாக ஓடி அவரைத் தாண்டுவது நாம்.

சரி, வானத்தை விடு. தூணைச் சுத்தம் பண்ண மணல் பீய்ச்சலாமென்று காண்ட்ராக்டர் வந்தபோது குறுக்கே நின்றது யார்? அன்றைக்கு எல்லாரும் தலையாட்டினீர்கள், நீ உள்பட. கல்வெட்டெல்லாம் தேய்ந்துபோயிருக்கும். பேச்சு மோசம்தான் அவனுக்கு, ஒத்துக்கொள்கிறேன். உன் தாத்தா வரைக்கும் இழுத்திருக்க வேண்டாம். ஆனால் எதிர்க்கட்சித் தலைவருக்குச் சம்பளம் கொடுக்க 1977-லேயே சட்டம் போட்ட தேசமடா இது! உன்னிடம் அவன் கேட்டது ஒரு காப்பியும் கணக்கு நோட்டும்தானே?

போன மாதமே எழுதியிருக்க வேண்டிய இன்னொன்று. சூரியனார்கோவில் போயிருந்தோம். அங்கே சூரியனுக்கு நேர் எதிரே நிறுத்தியிருப்பது குருவைத்தான் என்று உனக்கே தெரியும். நம் மூன்று பேரையும் அங்கே கூட்டிக்கொண்டு போய் அதைக் காட்டியது கலியனின் அப்பாதான். மறந்துவிட்டாயா?

முரண்டு பிடிக்காமல் அவன் வீட்டுக்குப் போ. போனில் கூப்பிடாதே, எடுக்க மாட்டான். சாயங்காலம் செஸ் போர்டோடு போ. ராஜாவுக்கு எதிரே ராஜா, நடுவில் ஒரு கட்டம், நகர வேண்டியவன்தான் வழிவிட வேண்டும் என்று நமக்குக் கற்றுக்கொடுத்தவனே அவன். இப்போது நகர வேண்டிய முறை உன்னுடையது. கோபுரச் சுதை வேலைக்கு வந்த கொட்டேஷனை அவன் கையில் கொடுத்து, "படிச்சுட்டுத் திட்டு" என்று சொல். அவன் கையெழுத்து இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதே. கொடுத்தாயானால் அடுத்த கூட்டத்துக்கு நானே பஸ் ஏறி வருவேன், உனக்கு எதிரே உட்கார.

அன்புடன்,
உன் சாம்பு