பிளந்தாலும் சக்தி, சேர்த்தாலும் சக்தி: அதெப்படி சேர்?

திருகோணமலை மாவட்டத்தில் உயர்தரப் பௌதிகவியல் கற்பிக்கும் சேர்மாருக்கும் ரீச்சர்மாருக்கும்,

வணக்கம். நானும் பின்னேரங்களில் உப்புவெளியில் சில பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் சொல்லிக்கொடுப்பவன்தான். ‘சடமும் கதிர்வீச்சும்’ பாடத்திட்டத்தின் கடைசி அலகு. பரீட்சை கழுத்தைப் பிடிக்கும் நேரத்தில்தான் அதைத் தொடுகிறோம். அதிலும் கருப்பிளவும் (கனமான அணுக்கரு உடைவது) கரு இணைவும் (சிறிய அணுக்கருக்கள் ஒட்டுவது) வாலில் தொங்குபவை. ஐன்ஸ்டைனின் சமன்பாட்டைப் பலகையில் எழுதி, ஒரு கணக்குச் செய்து, “இவ்வளவுதான், பாஸ் பேப்பரைப் பாருங்கோ” என்று முடித்துவிடுகிறோம்.

கணக்கில் பிள்ளைகள் பிழை விடுவதில்லை. திணிவு வித்தியாசத்தைக் கண்டு, ஒளிவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அலகும் சரியாகப் போடுகிறார்கள். ஆனால் ஒரு மாணவி என்னிடம் கேட்டாள்: “யுரேனியத்தைப் பிளந்தாலும் சக்தி வருது, ஐதரசனைச் சேர்த்தாலும் சக்தி வருது. அப்ப ஒன்றையே பிளந்து, திரும்ப ஒட்டி, திரும்பப் பிளந்து எடுத்துக்கொண்டே இருக்கலாமே சேர்?” கெட்டிக்காரக் கேள்வி. “திணிவு சக்தியாக மாறுகிறது” என்பது இதற்குப் பதிலே இல்லை.

ஏனென்றால் நுரைச்சோலையில் எரியும் நிலக்கரிக்கும் அதே சமன்பாடுதான். ஒரு கிலோ கரி எரிந்தால் ஏறத்தாழ 3 கோடி யூல் வெளிவரும். அதற்கான திணிவு இழப்பு ஒரு மில்லிகிராமில் மூவாயிரத்தில் ஒரு பங்கு. எந்தத் தராசிலும் தெரியாது, அவ்வளவுதான். ஒரு கிலோ யுரேனியம் 235 முழுவதும் பிளந்தால் கிட்டத்தட்ட ஒரு கிராம் குறையும். சமன்பாடு எவ்வளவு என்று சொல்கிறது. ஏன் என்பது வேறு இடத்தில் கிடக்கிறது.

அந்த இடம் பிணைப்புச் சக்தி வளையி: கருவில் உள்ள ஒரு துணிக்கைக்கு (புரோத்தன் அல்லது நியூத்திரன்) எவ்வளவு பிணைப்புச் சக்தி என்று காட்டும் வரைபு. பாடநூலில் இருக்கிறது, நாம்தான் தாண்டிப் போகிறோம். அதைவிட மோசம், பிணைப்புச் சக்தி என்றால் கருவுக்குள் பூட்டிக் கிடக்கும் சக்தி, உடைத்தால் வெளியே கொட்டும் என்று பிள்ளைகள் நினைப்பது. நேர் எதிர். கோணேசர் கோயிலடியில் இராவணன் வெட்டில் இருந்து ஒரு கல் கடலில் விழுந்தால் சத்தமும் தெறிப்புமாகச் சக்தி போய்விடுகிறது. கல்லைத் திரும்ப மேலே ஏற்ற அதே அளவைக் கொடுத்தாக வேண்டும். பிணைப்புச் சக்தி அந்தத் திரும்ப ஏற்றும் செலவு. ஒரு துணிக்கைக்கு அது கூடின கரு, ஏற்கனவே ஆழத்தில் விழுந்துவிட்ட கரு.

சரி, எது ஆழம்? கருவிசை பக்கத்தில் இருப்பதை மட்டும் இழுக்கும். புரோத்தன்களின் தள்ளுகையோ கரு முழுவதும் பரவும். சிறிய கருவில் பெரும்பாலான துணிக்கைகள் விளிம்பில்தான், இழுக்க அயலவர் போதாது. பெரிய கருவில் தள்ளுகை சேர்ந்துகொண்டே போகும். ஆகவே இரும்பு, நிக்கல் பக்கம்தான் அடி ஆழம். இரண்டு கரையில் இருந்தும் அங்கே நோக்கித்தான் இறக்கம். திரும்பி ஏறினால் எடுத்ததையெல்லாம் திருப்பிக் கட்ட வேண்டும். மாணவியின் கேள்விக்குப் பதில் இது.

இரண்டே இரண்டு கழித்தல்களைப் பலகையில் போடுங்கள். கருச் சக்தியை அளக்கும் அலகான மெகா இலத்திரன்வோல்ற்றில், துத்தேரியத்தின் பிணைப்பு 2.2, திரித்தியத்தினது 8.5 (இரண்டும் கனமான ஐதரசன் வகைகள்), இரண்டும் சேர்ந்து பிறக்கும் ஈலியத்தினது 28.3. மிச்சமாக வரும் நியூத்திரனுக்குப் பிணைப்பு எதுவும் இல்லை. வித்தியாசம் 17.6. யுரேனியத்தில் ஒரு துணிக்கைக்கு 7.6, பிளந்த துண்டுகளில் ஏறத்தாழ 8.5. அந்த 0.9ஐ 235ஆல் பெருக்கினால் 200ஐத் தாண்டும். 1938 முடிவில் பௌதிகவியலாளர்கள் லீசே மைட்னரும் ஒட்டோ ஃபிரிஷும் இதை இரண்டு வழியாகப் பார்த்தார்கள். இரண்டு துண்டுகளும் ஒன்றையொன்று தள்ளிப் பறக்கும் சக்தி சுமார் 200. திணிவு இழப்பில் இருந்து கணக்கிட்டாலும் அதே 200. வகுப்பில் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம், அவசரம் இல்லை.

ஒரு துணிக்கைக்கு எவ்வளவு என்று பார்த்தால் இணைவு 3.5, பிளவு ஒன்றுக்கும் குறைவு. பிறகு ஏன் உலகின் அணுமின் நிலையங்கள் பிளவில் ஓடுகின்றன? நியூத்திரனுக்கு மின்னேற்றம் இல்லை. மெதுவாக நடந்தே யுரேனியத்துக்குள் போய்விடும். இரண்டு ஐதரசன் கருக்களை ஒட்ட வேண்டுமானால் தள்ளுகையை வெல்லப் பத்துக் கோடிப் பாகைக்கு மேல் சூடு வேண்டும். சிக்காகோவில் 1942இலேயே பிளவுத் தொடர்தாக்கம் கட்டுப்பாட்டோடு ஓடியது. இணைவில், லேசரால் எரிபொருளைச் சூடாக்கும் முறையில், இலக்கில் பாய்ச்சிய லேசர்ச் சக்தியைவிடக் கூட வந்தது 2022 டிசம்பரில்: கொடுத்தது 2.05 மெகாயூல், வந்தது 3.15. (லேசரை இயக்க வாங்கிய மின்சாரம் அதைப்போலப் பல மடங்கு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.)

இன்னொன்று. “எங்கட புல்மோட்டை மண்ணில தோரியம் இருக்கு, நாட்டுக்கே கரண்ட் எடுக்கலாம்” என்ற கதை தேநீர்க் கடைகளில் அடிபடுகிறது. அந்தக் கறுப்பு மணலில் இல்மனைற்று என்ற கனிமத்தோடு மொனசைற்று என்ற கனிமமும் உண்டு, மொனசைற்றில் தோரியமும் உண்டு, உண்மைதான். ஆனால் தோரியம் 232 மெதுவான நியூத்திரன் பட்டால் பிளக்காது. அதை விழுங்கி, இரண்டு பீற்றாத் தேய்வுகளுக்குப் (ஒவ்வொன்றிலும் ஒரு நியூத்திரன் புரோத்தனாக மாறும்) பிறகு யுரேனியம் 233 ஆகும். பிளப்பது அதுதான். முதல் நியூத்திரன்களைத் தர வேறு யுரேனியமோ புளூட்டோனியமோ வேண்டும். ஊர்க்கதையை வகுப்புக்குள் எடுங்கள், பிள்ளைகள் தூங்கமாட்டார்கள்.

நான் கேட்பது இவ்வளவும்தான். வளையியை முதல் வரையுங்கள், சமன்பாடு அப்புறம் வரட்டும். அடுத்த தவணைப் பரீட்சையில் கணக்கு ஒன்றைக் குறைத்துவிட்டு இதைப் போடுங்கள்: “ஈலியம் கருவின் பிணைப்புச் சக்தி துத்தேரியத்தினதைவிடப் பல மடங்கு அதிகம். அப்படியானால் ஈலியத்தை உடைத்துச் சக்தி பெறலாமா? காரணம் தருக.” விடைகள் எப்படி வந்தன என்று எனக்கும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உப்புவெளியில் இருந்து உங்களில் ஒருவன்