கவிதாவுக்கு, பின்படிக்கட்டுச் சாவி பற்றி

அன்புள்ள கவிதாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு இடது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து நாலு வேளையிலிருந்து இரண்டு வேளையாகக் குறைந்திருக்கிறது. மாவடு போட்டிருக்கிறாள், உனக்கென்று தனியாக ஒரு ஜாடி. மற்ற சங்கதிகளைக் கடைசியில் எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை வீடியோவில் பேசினாயே, அப்போது ராத்திரி பத்தே கால். அம்மா உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உனக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தேன். முப்பத்தைந்து வருஷப் பழக்கம், விடுமா. ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கெட்டில், பிரிண்டர், லேப்டாப் சார்ஜர், டேபிள் ஃபேன். அந்த பாக்ஸின் ஒயர் போய் இன்னொரு பாக்ஸில் சொருகியிருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் யூபிஎஸ், அதன் தலையில் ஃபைல் கட்டு. நீ பேசிய எட்டு நிமிஷத்தில் அது மூன்று தடவை கத்தியது. "அது அப்படித்தான்பா கத்தும்" என்றாய். கரன்ட் சம்பந்தப்பட்ட எதுவும் சும்மா கத்தாது.

முதலில் கெட்டில். அடியில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், 1,500 வாட்ஸ் என்று போட்டிருந்தால் 230ஆல் வகுத்துப் பார். ஆறரை ஆம்பியர் வரும். அதனால்தான் கம்பெனிக்காரன் அதற்குப் பெரிய பின் வைத்துக் கொடுத்திருக்கிறான். நீ ஒரு வெள்ளைக் கன்வர்ட்டர் வாங்கி அதைச் சின்ன சாக்கெட்டில் திணித்திருக்கிறாய். சின்ன சாக்கெட் 6 ஆம்பியருக்குச் செய்தது. கெட்டில் ஒன்றே அதைத் தாண்டிவிட்டது, மற்றதெல்லாம் அதற்கு மேல். லேசர் பிரிண்டர் சும்மா நிற்கும்போது சாது. பிரிண்ட் கொடுத்ததும் உள்ளே ரோலரைச் சூடாக்கப் பல நூறு வாட்ஸ் ஒரே மூச்சில் இழுக்கும். கெட்டிலும் அதுவும் ஒன்றாக ஓடினால் ஃபேன் சத்தம் ஒரு கணம் இறங்கி ஏறும். காது கொடுத்துக் கேள்.

எம்சிபி இருக்கிறதே, லோடு கூடினால் தானாக அணைகிற சுவிட்ச், அது விழுந்துவிடாதா என்பாய். அது சுவருக்குள் போகும் ஒயரைக் காப்பாற்ற வைத்தது, உன் எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் மெல்லிய ஒயரை அல்ல. இன்னொன்றும் தெரிந்துகொள். 16 ஆம்பியர் எம்சிபி 17 ஆனதும் டப்பென்று விழாது. 23 ஆம்பியர் போனாலும் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தால் போதும் என்பதுதான் அதற்கு விதி. அந்த ஒரு மணி நேரம் பாக்ஸ் உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும்.

பிடிப்பு தளர்ந்துபோன சாக்கெட் இதைவிட மோசம். அங்கே கரன்ட் அளவு கூடுவதே இல்லை, தொடுகிற இடம் மட்டும் சூடாகிறது. ஆகவே எம்சிபிக்கு எதுவுமே தெரியாது. கெட்டில் கொதித்து முடிந்ததும் சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கின் முதுகில் புறங்கையை வைத்துப் பார். லேசாக வெதுவெதுப்பு என்றால் லோடு ஜாஸ்தி. கை பொறுக்கவில்லை என்றால் உள்ளே பிடிப்பு போய்விட்டது, அந்த சாக்கெட்டை அன்றைக்கே மாற்ற வேண்டும். ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு வளையம் இருக்கிறதா பார். கருவாடு தீய்ந்த மாதிரி ஒரு நாற்றம் வந்தால் பக்கத்து ஆபீஸ் சமையல் என்று நினைத்துவிடாதே, பிளாஸ்டிக் வேகும்போது அப்படித்தான் நாறும்.

செய்ய வேண்டியது பாதி நாள் வேலைதான். எம்சிபியெல்லாம் வரிசையாக இருக்கும் டிபி பாக்ஸிலிருந்து பேன்ட்ரிக்குத் தனியாக ஒரு லைன், 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர், அதற்கென்று தனி 16 ஆம்பியர் எம்சிபி, முனையில் 16 ஆம்பியர் சாக்கெட். எர்த் ஒயர் பேருக்கு இல்லாமல் நிஜமாகவே இணைத்திருக்கிறதா என்று கூடவே நின்று பார். பதினோரு பேருக்குச் சம்பளம் கொடுக்கிற ஆபீஸை நடத்துகிறாய், தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு சாக்கெட்டுக்கு மட்டும் ஏன் இந்தக் கணக்கு?

டிபி பாக்ஸில் T என்று எழுதிய பொத்தானோடு ஒரு சுவிட்ச் இருக்கும், அது ஆர்சிசிபி. எம்சிபி ஒயருக்கு, இது ஆளுக்கு. 30 மில்லி ஆம்பியர் ஆள் வழியாகவோ ஈரத்தின் வழியாகவோ கசிந்தால் துண்டித்துவிடும். மாதம் ஒரு தடவை எல்லோரையும் ஃபைலை சேவ் பண்ணச் சொல்லிவிட்டு அந்தப் பொத்தானை அழுத்து. லைன் போக வேண்டும். போகவில்லை என்றால் அது அலங்காரத்துக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

யூபிஎஸ் கத்துவது ஒன்று லோடு அதிகம், இல்லை பேட்டரி செத்துக்கொண்டிருக்கிறது. நம் ஊர் வெயிலுக்கு அந்த மூடிய பேட்டரி மூன்று நாலு வருஷம் தாங்கினால் பெரிது. வாங்கிய தேதியைப் பார். பக்கவாட்டில் உப்பியிருந்தால் ஒரு நாள்கூட வைத்திருக்காதே. பிரிண்டரை அதில் போடவே கூடாது. சுற்றிலும் ஒரு சாண் இடம் காலியாக இருக்க வேண்டும், காற்றுப் போக. மேலே ஃபைல், பக்கத்தில் துணி எதுவும் ஆகாது. பக்கத்து நாற்காலியில் தலையணை ஒன்று பார்த்தேன். பஞ்சு சட்டென்று பற்றும். அங்கே வேண்டாம்.

சரி, இந்தக் கடிதமே இதற்காகத்தான். பின்படிக்கட்டு. பூஜைக்கு வந்தபோது பார்த்தேன், உங்கள் மாடியில் அதற்குக் கம்பி கேட், கேட்டில் பூட்டு, சாவி வாட்ச்மேனிடம். ராத்திரி பத்தே காலுக்கு வாட்ச்மேன் எங்கே இருப்பான்? டீக்கடையில் இருப்பான். முன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத்தான் உட்கார்ந்திருப்பாய் என்று நினைக்கிறேன். அப்படியானால் உனக்கு ஒரே வழி, அதுவும் அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தாண்டி.

டெல்லி முண்ட்காவில் 2022 மே 13 அன்று நாலு மாடி ஆபீஸ் கட்டிடம் எரிந்து 27 பேர் போனார்கள். ஏறி இறங்க ஒரே வழிதான் என்று பேப்பரில் வந்தது. கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் 2010 மார்ச்சில் ஸ்டீபன் கோர்ட் எரிந்தபோது 43 பேர். மொட்டை மாடிக்குத் தப்பி ஏறினவர்களுக்கு மேலே கதவு பூட்டியிருந்தது. இப்படிச் சாகிறவர்களில் பெரும்பாலோரை நெருப்பு தொடுவதே இல்லை. நாற்காலி ஃபோம், ஃபால்ஸ் சீலிங், ஒயர் எல்லாம் எரிந்து வரும் புகை போதும். ஏசி ரூமில் அது கூரையிலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வரும். அப்போது நிற்காமல் குனிந்து, தேவைப்பட்டால் தவழ்ந்து போக வேண்டும். மூடிய கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுட்டால் திறக்காதே. லிஃப்ட் பக்கம் போகவே கூடாது.

ஆகவே அந்தப் பூட்டை எடுக்கச் சொல். உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கிற தாழ்ப்பாள் போடலாம், திருட்டுக்கும் பயமில்லை. சொந்தக்காரர் மறுத்தால் அந்தச் சாவிக்கு ஒரு நகல் எடுத்து, கேட்டுக்கு உள்பக்கம், கை எட்டும் உயரத்தில் ஆணியில் மாட்டு. உன் கைப்பையில் வேண்டாம், மேஜை டிராயரில் வேண்டாம், ஆணியில். படிக்கட்டில் அடுக்கியிருக்கும் பேப்பர் பெட்டிகளை அகற்று. கீழ்ப்படியில் யாரோ ஒரு பையன் ஸ்கூட்டர் பேட்டரியைச் சார்ஜ் போட்டிருந்தான். லித்தியம் பேட்டரி வெடித்தால் வழியே அடைந்துபோகும், அவனை வேறு இடம் பார்க்கச் சொல். பிறகு ஒருநாள் லைட்டை அணைத்துவிட்டு உன் நாற்காலியிலிருந்து கேட் வரைக்கும் நடந்து பார். எத்தனை மேஜை, எத்தனை அடி என்று எண்ணிக்கொள். புகையில் அந்த எண்ணிக்கைதான் உனக்குக் கண்.

சிவப்பு சிலிண்டர் தண்ணீர் கேன்களுக்குப் பின்னால் கிடந்தது. அதைக் கதவோரம் மாட்ட வேண்டும். பவுடர் சிலிண்டர் என்றால் முள் பச்சையில் நிற்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்கு முள்ளே கிடையாது, எடை போட்டுத்தான் தெரியும். கம்ப்யூட்டர் இருக்கும் இடத்துக்கு அதுதான் நல்லது, பவுடர் நெருப்பை அணைத்துவிட்டு மெஷினையும் முடித்துவிடும். அடிக்கும்போது முன்னால் இருக்கும் கூம்பைக் கையால் பிடிக்காதே, அந்தக் குளிரில் தோல் உரிந்துவிடும். கதவு உன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று, பின்னை இழுத்து, நெருப்பின் அடியில் அடி. 20 விநாடிக்கு முன்பின் சிலிண்டர் காலியாகிவிடும். அதற்குள் அடங்கவில்லை என்றால் ஓடு. ஃபைலாவது ஹார்ட் டிஸ்க்காவது. வெளியே போய் 101. தண்ணீர் மட்டும் ஊற்றாதே, மெயினை அணைக்காமல் ஊற்றினால் அதுவே ஷாக்.

நெருப்பு எப்போதோ ஒருநாள். ஆபீஸில் தினம் நடப்பது விழுவதுதான். சக்கர நாற்காலியில் ஏறி மேல் ரேக்கிலிருந்து ஃபைல் எடுக்கிறார்கள், நானே பார்த்தேன். மூன்று படி ஏணி ஒன்று வாங்கிப் போடு. நாலு டிராயர் இரும்பு அலமாரியில் மேல் இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் அப்படியே ஆள் மேல் சாயும். கனமானதைக் கீழ் டிராயரில் வை, அலமாரியைச் சுவரோடு போல்ட் போடு. நடைபாதையில் குறுக்கே போகும் ஒயரைத் தரைவிரிப்புக்கு அடியில் மறைக்காதே, மிதிபட்டு உள்ளே அறுந்து, சூடும் வெளியேற முடியாமல் போகும். சுவரோரமாகச் சுற்றிக் கொண்டுபோ. சாப்பிட்ட மிச்சத்தை ராத்திரி குப்பைக்கூடையில் விட்டால் எலி வரும், எலி வந்தால் ஃபால்ஸ் சீலிங் ஒயரைத்தான் முதலில் கடிக்கும்.

கழுத்து வலி என்றாயே. லேப்டாப்பைக் குனிந்து பார்ப்பதால்தான். ஸ்கிரீனின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும், கீபோர்டு தனியாக. ஆனால் ராத்திரி பதினொன்று வரை உட்கார்ந்தால் எந்த நாற்காலியும் கழுத்தைக் காப்பாற்றாது.

எலக்ட்ரீஷியன் வரும்போது ஒன்று சொல்வான்: "அடிக்கடி டிரிப் ஆகுதா மேடம், 32 போட்டுடலாம், அப்புறம் விழாது." விழாதுதான், ஒயர் எரிகிற வரைக்கும் விழாது. 2.5 ஒயரில் 32 ஆம்பியர் எம்சிபி போட விடாதே. அவன் எத்தனை வருஷ சர்வீஸ் என்று சொன்னாலும் விடாதே.

நான் போட்டிருக்கிறேன். ஒரு ஆபீஸில், மார்ச் மாதக் கணக்கு முடிக்கிற நேரம். தினம் டிரிப் ஆகிறது என்று கத்தினார்கள், 16ஐக் கழற்றி 32ஐ மாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவது வாரம் சுவருக்குள் ஒயர் எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை, உள்ளே யாரும் இல்லை. மட்டமான ஒயர் என்று எழுதிக் கொடுத்தேன். அம்மாவுக்குக்கூட இது தெரியாது.

தெரியாமல் செய்யவில்லை. புத்தி வேலையில் இல்லை. உன் சித்தப்பா விஷயம் நடந்த வருஷம் அது. நைட் டூட்டி என்று சொல்லிக்கொண்டு போவேனே, அதில் பாதி நாள் டூட்டியே கிடையாது. பேனல் ரூமில் பெஞ்சைப் போட்டுப் படுத்திருப்பேன், வீட்டுக்கு வந்து யார் முகத்தைப் பார்ப்பது என்று. அம்மா ஒரு வார்த்தை கேட்டதில்லை. நீதான் ஒருநாள் "ஏம்பா தினமும் நைட்டு" என்று கேட்டாய், ஆறாவது படித்தாய். அதட்டி அனுப்பினேன்.

அதனால் நானும் ஒன்றும் கேட்கவில்லை. மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல். சொல்ல வசதிப்பட்டால் சொல்.

மாவடு ஜாடியைக் கொரியரில் போட்டால் உடையும் என்கிறாள் அம்மா. வந்து எடுத்துக்கொண்டு போனால் நல்லது. ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியக்காலை வந்துவிடலாம். முன்வாசல் சாவி பழைய இடத்தில்தான், மீட்டர் போர்டுக்கு மேலே.

இப்படிக்கு,
அப்பா

பி.கு. அந்த வெள்ளைக் கன்வர்ட்டரை இன்றைக்கே தூக்கி எறி. பின்கேட் சாவி, ஆணியில்.