பிளேட்டை எடுக்க ஏன் இந்த அவசரம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்து பிளேட் (எலும்பைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகத் தகடு) வைத்துக்கொண்டவர்கள் ஆறாம் மாதமே, 'எலும்புதான் கூடிடுச்சே, எப்போ எடுக்கலாம்?' என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். அவசரப்பட்டு எடுத்தால் அதே எலும்பு மறுபடி முறியக்கூடும்.

பிளேட்டை எலும்போடு பிணைக்கும் திருகு 3.5 மி.மீ. பருமன். முறிவின் இருபுறமும் மும்மூன்றாக 6 திருகுகளாவது போட்டிருப்பார்கள். எலும்போ ஏறக்குறையச் சுண்டுவிரல் பருமன்தான். கழற்றியதும் அதில் வரிசையாக 6 ஓட்டைகள். ஈரத்துணி பிழிவதுபோல் கையை முறுக்கினால் விசை ஓட்டையின் விளிம்பில் போய்க் குவியும். இத்தனை நாள் பளுவைப் பிளேட்டே தாங்கியதால் அதன் அடியிலுள்ள எலும்பும் மெலிந்திருக்கும். எக்ஸ்ரேயில் முறிவுக்கோடு பிளேட்டின் நிழலில் மறைந்து, கூடாத எலும்பு கூடியதுபோல் தெரிவதும் உண்டு.

ஆகவே பெரியவர்கள் பிளேட் வைத்ததிலிருந்து 18 மாதம், முடிந்தால் 2 ஆண்டு பொறுப்பதே நல்லது. எடுத்தபின் 6 வாரம் கைக்குப் பாதுகாப்புப் பட்டை வேண்டும். காஸ் சிலிண்டர் தூக்குவது, கபடி எல்லாம் மூன்று நான்கு மாதம் கழித்துத்தான்.

உண்மையில் பலருக்கு எடுக்கவே தேவையில்லை. சீழ் வைத்தால், திருகு தளர்ந்தால், மேசையில் கை ஊன்றும்போதெல்லாம் தோலடிப் பிளேட் உறுத்தி வலித்தால் எடுக்கலாம். கட்டைவிரல் பக்க எலும்பின் மேல்பகுதியில், முழங்கைக்கு அருகே இருப்பதை மட்டும் தொடாதிருப்பதே மேல். விரல்களை நீட்டவைக்கும் நரம்பு அங்கேதான் எலும்பைச் சுற்றிப் போகிறது. பழைய தழும்புக்குள் அது அடிபட்டால் விரல் நிமிராது. எம்.ஆர்.ஐ. பயமும் வேண்டாம்; இப்போதைய டைட்டானியம், எஃகு பிளேட்டுகளைக் காந்தம் இழுக்காது. ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொன்னால் போதும்.

உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பவில்லை என்பதற்காகப் பிளேட்டை எடுப்பது வீண். எலும்பு வளைந்து கூடியிருக்கலாம். இரண்டு எலும்புக்கும் நடுவே எலும்புப் பாலம் வளர்ந்திருக்கலாம். பாலம் இருக்கும்போது கையைப் பலவந்தமாக முறுக்கிப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை. அதற்கு வேறு அறுவை சிகிச்சை உண்டு.

மருத்துவமனைகளுக்கு ஒரு வேண்டுகோள். டிஸ்சார்ஜ் சீட்டில் பிளேட்டின் கம்பெனி, அளவு, திருகின் தலை அறுகோணமா நட்சத்திரமா என்பதைக் கட்டாயம் எழுதிக் கொடுங்கள். பொருந்தாத திருப்புளியால் தலை மழுங்கிப்போனால், திருகைத் துளைத்தெடுக்க இன்னும் பெரிய ஓட்டை போட வேண்டிவரும்.

எலும்பு மருத்துவர் ஒருவர்,
மதுரை