மலைப்பொழிவு யாரிடம் பேசுகிறது?

ஆசிரியருக்கு,

இயேசுவின் போதனை பிடிக்கிறது, ஆனால் கிறிஸ்தவராக விருப்பமில்லை என்பவர்களைப் புதுமையாகப் பார்க்கிறோம். வங்காளச் சீர்திருத்தவாதி ராஜாராம் மோகன் ராய் இதை 1820-லேயே செய்துவிட்டார். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களிலிருந்தும் அற்புதங்களை ஒதுக்கி, உபதேசங்களை மட்டும் தொகுத்துக் கல்கத்தாவில் அச்சிட்டார். பாவநிவாரணத்தை, அதாவது மனிதரின் பாவங்களுக்காக இயேசு சிலுவையில் பலியானார் என்ற நம்பிக்கையை, விட்டுவிட்டால் அது வெறும் நீதிநெறிதான் என்று செராம்பூர் மிஷனரி ஜோஷுவா மார்ஷ்மன் எதிர்த்தார். ராய் மூன்று முறை பதில் நூல் எழுதினார். மூன்றாவதை அச்சிட பாப்டிஸ்ட் மிஷன் அச்சகம் மறுத்ததும், சொந்தமாக அச்சகம் வைத்து 1823-ல் வெளியிட்டார்.

ராய் நீக்கியவை அற்புதங்கள். இன்று பலர் கடினமான கட்டளைகளையும் சேர்த்தே நீக்கிவிட்டு, வாட்ஸ்அப்பில் அனுப்பத் தோதான வரிகளை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள்.

இயேசு மலைமேல் செய்த உபதேசமான மலைப்பொழிவு, மத்தேயு சுவிசேஷத்தில் 5 முதல் 7 வரையுள்ள அதிகாரங்களில் இருக்கிறது; மொத்தம் 111 வசனங்கள்தான். ஒரே மூச்சில் படித்துவிடலாம். ஒவ்வொரு கட்டளையும் யாரிடம் சொல்லப்படுகிறது என்று கவனிக்காததால்தான் பிழை நேர்கிறது. 5:23-24-ஐப் பாருங்கள். காணிக்கை செலுத்த வந்தவனுக்கு, தன்மேல் சகோதரனுக்கு மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய்ச் சமாதானமாக வேண்டும். அதாவது, யார்மேல் குறை இருக்கிறதோ அவர்தான் முதலில் நடக்க வேண்டும். நம் பஞ்சாயத்துகளிலோ அடிபட்டவரிடம்தான் 'விட்டுக்கொடுத்துப் போ' என்கிறோம். மறு கன்னத்தைக் காட்டச் சொன்னதும் அடிபட்டவர் தாமே எடுக்க வேண்டிய முடிவு. கணவனிடம் அடிவாங்கும் பெண்ணிடம் மற்றவர்கள் அதை ஓதுவது அநியாயம்.

'ஒரு மைல் வரக் கட்டாயப்படுத்தினால் இரண்டு மைல் போ' என்பதும் அப்படியே. ரோமப் படைவீரர்கள் வழியில் போகிறவர்களைப் பிடித்துச் சுமை தூக்க வைத்த காலம் அது. கட்டாயம் முதல் மைலோடு தீர்ந்தது; இரண்டாவதை நடப்பவர் தாமாக நடக்கிறார். சம்பளமில்லாத கூடுதல் வேலைக்கு முதலாளிகள் காட்டும் மேற்கோள் அல்ல இது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு 6:1-4 எளிது. தர்மம் செய்யும்போது வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது. ஞானஸ்நானம் எடுத்தவர், எடுக்காதவர் எல்லாருமே சறுக்குகிற இடமும் இதுதான். வெளிச்சத்தையே மறைக்கும்படி ட்யூப்லைட்டில் 'உபயம்' எழுதும் ஊர் நம்முடையது. அடுத்த நன்கொடைக்கு ரசீதில் 'பெயர் வெளியிட விரும்பாதவர்' என்று எழுதச் சொல்லிப் பாருங்கள்.

வாசகர்,
பாளையங்கோட்டை